கேமரன் மலை மண்ணும் மைனஸ் 196 டிகிரி குளிரும்

பள்ளி விடுமுறையில் கேமரன் மலைக்குப் போய் வந்தவர்களுக்கு அந்தக் குளிர் நினைவிருக்கும். தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் பாதையில் ரிங்லெட் வந்ததுமே பேருந்தின் சன்னலைச் சாத்தத் தோன்றும். இரவில் 15 டிகிரி செல்சியஸ் வரை இறங்கும். கோலாலம்பூர் வெயிலில் பழகிய நமக்கு அதுவே பெருங்குளிர்.

அந்த மலையின் தேயிலைச் சரிவில் தோண்டி எடுத்த ஒரு டப்பா மண்ணை ஆய்வுக்கூடத்தில் ஆராய்வதற்கு இன்னொரு குளிர் வேண்டியிருக்கிறது. அது மைனஸ் 196 டிகிரி. திரவ நைட்ரஜனின் கொதிநிலை.

மண்ணைக் குளிர வைக்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். மண் அறை வெப்பநிலையில் சாதாரண பிளாஸ்டிக் டப்பாவில்தான் இருக்கும். அதிலிருந்து வரும் கதிர்வீச்சை அளக்கும் கருவிக்குத்தான் அந்தக் குளிர். ஏன் என்று பார்ப்பதற்கு முன், தேயிலைத் தோட்டத்து மண்ணில் கதிர்வீச்சு எப்படி வந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

மழையோடு இறங்கிய சீசியம்

1950களிலும் 60களின் தொடக்கத்திலும் அமெரிக்காவும் சோவியத் யூனியனும் பிரிட்டனும் திறந்த வெளியில் அணுகுண்டுகளை வெடித்துச் சோதித்தன. 1961, 62 ஆம் ஆண்டுகளில் அது உச்சத்தில் இருந்தது. வெடிப்பில் பிறந்த கதிரியக்கத் துகள்கள் வளிமண்டலத்தின் மேலடுக்கு வரை போய், உலகமெங்கும் பரவி, மெல்ல மெல்ல மழையோடு தரையில் இறங்கின. அவற்றில் ஒன்று சீசியம்-137.

உங்கள் கொள்ளுப்பாட்டியோ பாட்டியோ அந்தக் காலத்தில் முதுகில் கூடையைக் கட்டிக்கொண்டு கொழுந்து பறித்திருக்கலாம். அவர்கள் நனைந்த மழையில் அது இருந்தது. பெரும்பாலான சோதனைகள் பூமியின் வடபாதியில், நமக்கு வெகு தொலைவில் நடந்தன. அதனால் நிலநடுக்கோட்டுக்கு அருகில் உள்ள மலேசியாவில் படிந்தது குறைவு. 1963இல் திறந்தவெளிச் சோதனைகளைத் தடைசெய்யும் ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு வரத்து வேகமாகக் குறைந்தது.

சீசியத்திற்கு ஒரு குணம் உண்டு. களிமண் துகளைப் பிடித்துக்கொண்டால் எளிதில் விடாது. மழைநீர் அதைக் கரைத்துக்கொண்டு போவதில்லை. செடியும் மிகக் கொஞ்சமே உறிஞ்சும். அது இடம் மாற வேண்டும் என்றால் அதைப் பிடித்திருக்கும் மண்ணே இடம் மாற வேண்டும்.

மண் அறிவியலாளர்கள் இதைத்தான் பயன்படுத்திக்கொண்டார்கள். எவரும் கைவைக்காத, சமதளமான ஓர் இடத்தில் மண்ணை எடுத்து, ஒரு சதுர மீட்டர் பரப்பில் எவ்வளவு சீசியம் இருக்கிறது என்று அளக்கிறார்கள். பிறகு சரிவில் எடுத்த மண்ணை அளக்கிறார்கள். சரிவில் குறைவாக இருந்தால் அங்கிருந்து மண் போயிருக்கிறது. அடிவாரத்தில் அதிகமாக இருந்தால் அங்கே வந்து சேர்ந்திருக்கிறது. ஷா ஆலாமில் உள்ள மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டப் பகுதியில் மண் அரிப்பையும் படிவையும் இந்த முறையில் கணக்கிட்டிருக்கிறார்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். கைபடாத இடத்தில் சதுர மீட்டருக்கு 400 அலகு, சரிவில் 300 அலகு என்று வைத்துக்கொள்வோம். கால் பங்கு காணவில்லை. சீசியம் மேலிருந்து 20 சென்டிமீட்டர் ஆழம் வரை சீராகக் கலந்திருந்தது என்று எளிமைப்படுத்தினால், 60 ஆண்டுகளில் 5 சென்டிமீட்டர் மண் போயிருக்கிறது. ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு! கண்ணால் பார்த்து யாரும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் ஒரு சென்டிமீட்டர் மேல்மண் உருவாகப் பல பத்தாண்டுகள், பல இடங்களில் நூற்றாண்டுகளே ஆகும். (உண்மையான கணக்கு இவ்வளவு எளிதில்லை. உழாத நிலத்தில் சீசியம் மேலடுக்கிலேயே நெருக்கமாகத் தங்கியிருக்கும். அதற்குத் தனிச் சூத்திரங்கள் உண்டு.)

மண் போனால் என்ன என்று கேட்பவர்கள் ரிங்லெட் நீர்த்தேக்கத்தைப் போய்ப் பார்க்கலாம். மின் உற்பத்திக்காக 1960களில் கட்டப்பட்ட சுல்தான் அபு பாக்கார் அணைக்குப் பின்னால், மேலே உள்ள மலைகளிலிருந்து வந்த மண் ஆண்டுக்கணக்கில் சேர்ந்துகொண்டே இருக்கிறது. மண் நிரப்பிய இடத்தில் தண்ணீர் நிற்காது. 2013 அக்டோபர் 23 அதிகாலையில் பலத்த மழைக்குப் பின் அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டபோது, கீழே பெர்தாம் வேலியில் சேறும் வெள்ளமும் வீடுகளுக்குள் புகுந்தன. உயிர்களும் போயின. எந்தச் சரிவிலிருந்து எவ்வளவு மண் வருகிறது என்ற கேள்வி அங்கே வாழ்பவர்களுக்கு வெறும் பாடப்புத்தகக் கேள்வி இல்லை. அடர்ந்து வளர்ந்த தேயிலை தன் இலைக்கூரையால் மழையின் அடியைத் தாங்கிக்கொள்ளும். புதிதாக நட்டு இன்னும் மூடாத தேயிலைச் சரிவும், வெறுமனே திறந்து கிடக்கும் காய்கறிப் பாத்தியும் அப்படியில்லை. எது எவ்வளவு இழக்கிறது என்று சொல்ல எண்கள் வேண்டும்.

ஒரு நாளுக்கு எழுநூறு

அந்த எண்களைப் பெறுவது எவ்வளவு கடினம் என்று பாருங்கள். சீசியம்-137இன் அரை ஆயுள் சுமார் 30 ஆண்டு. 1963இல் படிந்ததில் இன்று ஏறத்தாழ கால் பங்குதான் மிச்சம். நம் மண்ணில் அது முதலிலேயே குறைவு.

ஒரு கிலோ மண்ணில் ஒரு பெக்கரல் சீசியம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வினாடிக்கு ஓர் அணு சிதைகிறது என்று பொருள். நம் டப்பாவில் அரைக் கிலோ மண். அப்படியானால் இரண்டு வினாடிக்கு ஒன்று. நூறு சிதைவில் 85 தான் நமக்கு வேண்டிய காமா கதிரைத் தரும். அந்தக் கதிர்களும் எல்லாத் திசைகளிலும் பறக்கின்றன. கருவி நூற்றில் இரண்டைப் பிடித்து முழுமையாகப் பதிவு செய்கிறது என்று கொள்வோம். பெருக்கிப் பாருங்கள். இரண்டு நிமிடத்திற்கு ஒரு கதிர். 24 மணி நேரம் காத்திருந்தால் சுமார் 730.

எண்ணிக்கையின் நிச்சயமின்மை அதன் வர்க்கமூலம் என்பது கதிரியக்க அளவீட்டின் அடிப்படை விதி. 730இன் வர்க்கமூலம் 27. அதாவது 730 என்பதில் 27 கூடலாம், குறையலாம். ஒரு மணி நேரத்தோடு நிறுத்தினால் கிடைப்பது சுமார் 30 தான். அதில் ஐந்தரை தடுமாற்றம். அதனால்தான் ஒரே ஒரு டப்பாவை ஒரு முழு நாள் வைத்து எண்ணுகிறார்கள். ஒரு சரிவில் 40 இடத்தில் மண் எடுத்திருந்தால்? நாற்பது நாள்.

பக்கத்தில் சத்தம் போடும் கருங்கல்

பொறுமை மட்டும் போதாது. கேமரன் மலை தித்திவங்சா மலைத்தொடரின் கருங்கல்லின் மேல் நிற்கிறது. கருங்கல்லில் யுரேனியமும் தோரியமும் பொட்டாசியமும் இயல்பாகவே உண்டு. கல் மட்கி மண்ணானாலும் அவை போவதில்லை. சீசியத்தைவிட அவற்றின் கதிர்கள் பல மடங்கு அதிகம்.

நல்ல வேளை, ஒவ்வொரு தனிமத்தின் காமா கதிருக்கும் தனக்கென ஓர் ஆற்றல் இருக்கிறது. சீசியத்தினுடையது 662 கிலோ எலெக்ட்ரான் வோல்ட். யுரேனியக் குடும்பத்தைச் சேர்ந்த பிஸ்மத்-214 தருவது 609. தோரியக் குடும்பத்தின் தாலியம்-208 தருவது 583. எண்களைப் பிரித்தறிய முடிந்தால் ஆளையும் பிரித்தறியலாம்.

இங்கேதான் கருவியின் தரம் தெரியவரும். சோடியம் அயோடைடு படிகத்தால் ஆன கருவிக்குக் குளிரூட்டல் வேண்டாம், விலையும் குறைவு. காமா கதிர் பட்டால் அந்தப் படிகம் மின்னும். மின்னலின் பிரகாசத்தை வைத்து ஆற்றலைச் சொல்லலாம். ஆனால் 662 என்ற ஆற்றலை அது சுமார் 46 அலகு அகலத்தில் பரப்பிக் காட்டும். கொழுந்து நிறுக்கும் தராசின் முள் நிற்காமல் ஆடுவதைப் போல. பக்கத்தில் 609இல் ஒரு பெரிய மேடு இருக்கும்போது, அதன் ஓரத்தில் சீசியத்தின் சிறு மேடு அமுங்கிப் போகும்.

ஜெர்மானியம் படிகத்தால் ஆன கருவி அதே 662ஐ ஒன்றரை அலகு அகலத்தில், ஊசி போல நிறுத்திக் காட்டும். 609 தனியாக, 662 தனியாக நிற்கும். முப்பது மடங்கு கூர்மை. இந்தக் கூர்மைக்குக் கொடுக்க வேண்டிய விலைதான் மைனஸ் 196.

படிகத்துக்குள் என்ன நடக்கிறது?

ஜெர்மானியம் ஒரு குறைக்கடத்தி. அதில் எலெக்ட்ரான்கள் அணுக்களோடு கட்டுண்டு கிடக்கும். கட்டவிழ்த்துவிட்டால் அவை ஓடி மின்னோட்டமாகும். ஒரு காமா கதிர் உள்ளே பாய்ந்து தன் ஆற்றல் முழுவதையும் கொட்டினால், ஓர் எலெக்ட்ரானை விடுவிக்கச் சராசரியாக 3 எலெக்ட்ரான் வோல்ட் செலவாகும். 662 ஆயிரத்தை மூன்றால் வகுத்துப் பாருங்கள். ஏறக்குறைய 2,20,000 எலெக்ட்ரான். படிகத்தின் மேல் சில ஆயிரம் வோல்ட் மின்னழுத்தம் கொடுத்து அவற்றை ஒருபக்கம் இழுத்து எண்ணினால் கதிரின் ஆற்றல் தெரிந்துவிடும். இவ்வளவு பெரிய எண்ணிக்கை கிடைப்பதால்தான் அளவு கூர்மையாக வருகிறது.

சிக்கல் என்னவென்றால், எலெக்ட்ரானை விடுவிக்கக் காமா கதிர்தான் வேண்டும் என்றில்லை. வெப்பமும் அதைச் செய்யும். ஜெர்மானியத்தின் கட்டு அவ்வளவு இறுக்கமானது இல்லை. அறை வெப்பநிலையில் அதன் ஒரு கன சென்டிமீட்டரில் தானாகவே அவிழ்ந்து திரியும் எலெக்ட்ரான்கள் சுமார் 24 இலட்சம் கோடி. அந்தக் கூட்டத்தில் நம் 2,20,000 பேரை எங்கே தேடுவது? தேயிலை ஆலையில் கொழுந்தை உருட்டும் இயந்திரங்கள் எல்லாம் ஓடும்போது பக்கத்து அறையில் ஒருவர் முணுமுணுப்பதைக் கேட்க முயல்வது போலத்தான்.

இயந்திரங்களை நிறுத்த ஒரே வழி குளிர். மைனஸ் 196இல் வெப்பத்தின் உதறல் அறை வெப்பநிலையில் இருப்பதில் கால் பங்காகிறது. கால் பங்கு என்றால் சத்தமும் கால் பங்குதானே என்று கேட்கலாம். இல்லை. அவிழும் எலெக்ட்ரானின் எண்ணிக்கை அடுக்குக்குறி விதிப்படி சரிகிறது. வெப்பத்தால் அவிழ்பவை நடைமுறையில் ஒன்றுமே இல்லை என்ற நிலை வந்துவிடும். இனி ஓடுவது காமா கதிர் விடுவித்த எலெக்ட்ரான் மட்டும். இதோடு, படிகமும் வியக்கத்தக்க தூய்மையோடு இருக்க வேண்டும்: பல இலட்சம் கோடி ஜெர்மானியம் அணுக்களுக்கு ஓர் அந்நிய அணு என்ற கணக்கு. மனிதர்கள் செய்த பொருள்களில் இவ்வளவு தூய்மையானவை மிகச் சிலவே.

ஆய்வுக்கூடத்தில் பார்த்தால் கருவி பெரிதாக ஒன்றும் மிரட்டாது. கீழே டிவார் குடுவை என்னும் இரட்டைச் சுவர்ப் பாத்திரம். அதில் ஏறத்தாழ 30 லிட்டர் திரவ நைட்ரஜன். அதிலிருந்து ஒரு செம்புத் தண்டு மேலே போய்ப் படிகத்தைக் குளிர்விக்கும். படிகத்தையும் மண் டப்பாவையும் சுற்றிப் பத்து சென்டிமீட்டர் தடிமனான ஈயச் சுவர், கட்டடத்தின் கதிர்வீச்சு உள்ளே வராமலிருக்க. நைட்ரஜன் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிக்கொண்டே இருப்பதால் வாரத்திற்கு ஒருமுறையாவது ஊற்ற வேண்டும். தீபாவளி, நோன்புப் பெருநாள் விடுமுறையெல்லாம் அதற்குத் தெரியாது. படிகம் சூடேறிய நிலையில் உயர் மின்னழுத்தம் பாய்ந்தால் அதோடு இணைந்த மின்னணுப் பகுதி கெட்டுப்போகலாம். அதனால் தானாக நிறுத்தும் ஏற்பாடும் இருக்கும். இப்போது மின்சாரத்தால் குளிரூட்டும் கருவிகளும் வந்துவிட்டன.

கதிருக்குக் குளிர் தெரியாது

இந்த இடத்தில் மாணவர்கள் பலர் ஒரு தவறு செய்வார்கள். குளிரில் கதிரியக்கமும் அடங்கிவிடும் என்று எழுதிவிடுவார்கள். மண் டப்பாவையே திரவ நைட்ரஜனில் முக்கினாலும் சீசியம் அதே வேகத்தில்தான் சிதையும். சிதைவு நடப்பது அணுக்கருவுக்குள். அங்கே புழங்கும் ஆற்றலுக்கு முன் வெப்பநிலை ஒரு பொருட்டே இல்லை. அரை ஆயுள் கொதிக்கும் நீரிலும் அதே 30 ஆண்டுதான்.

மாறுவது அளக்கும் பொருளின் நடத்தை. மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவர்களின் சட்டையில் ஒரு சிறு வில்லை குத்தியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் உடல் வாங்கும் கதிர்வீச்சின் அளவை, அதாவது ஏற்பளவை, அது சேர்த்து வைக்கும். சில வகை வில்லைகளில் லித்தியம் புளோரைடு போன்ற படிகம் இருக்கும். கதிர் விடுவித்த எலெக்ட்ரான்கள் படிகத்தின் பள்ளங்களில் விழுந்து மாட்டிக்கொள்ளும். மாதக் கடைசியில் 200 டிகிரிக்கும் மேல் சூடாக்கினால் அவை வெளியே துள்ளும்போது படிகம் ஒளிரும். ஒளி எவ்வளவோ ஏற்பளவு அவ்வளவு. ஆழமில்லாத பள்ளங்களில் விழுந்தவை அறை வெப்பத்திலேயே தப்பித்துவிடும். அவை கணக்கில் வராது. அதே படிகத்தை மைனஸ் 196இல் வைத்துக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தினால் ஆழமில்லாத பள்ளங்களிலும் எலெக்ட்ரான்கள் தங்கிவிடும். வெளியே எடுத்து அறை வெப்பத்துக்கு வரும் வழியிலேயே ஒளிரத் தொடங்கும்! எனவே மிகக் குளிர்ந்த இடத்தில் ஏற்பளவை அளக்க நினைப்பவர்கள் அறை வெப்பநிலையில் தயாரித்த அளவுகோலை அப்படியே நம்ப முடியாது. அந்தக் குளிரிலேயே வைத்துச் சரிபார்க்க வேண்டும்.

அப்படியானால் மலையில் இருப்பது ஆபத்தா?

கருங்கல், சீசியம் என்று படித்ததும் இந்தக் கேள்வி வந்திருக்கும். அதே ஜெர்மானியம் கருவி இதற்கும் பதில் சொல்லும். ஒரு கிலோ மண்ணில் யுரேனியக் குடும்பம், தோரியக் குடும்பம், பொட்டாசியம்-40 எத்தனை பெக்கரல் என்று தெரிந்தால், அவற்றை முறையே 0.462, 0.604, 0.0417 ஆல் பெருக்கிக் கூட்டினால் போதும். தரைக்கு ஒரு மீட்டர் மேலே நிற்பவருக்கு மணிக்கு எத்தனை நானோகிரே என்பது வரும். உலகச் சராசரியாகச் சொல்லப்படும் 33, 45, 420 என்ற எண்களைப் போட்டால் சுமார் 60 வருகிறது. ஐக்கிய நாடுகள் சபையின் கதிர்வீச்சு அறிவியல் குழு 2000ஆம் ஆண்டு அறிக்கையில் மலேசியாவுக்குக் கொடுத்த சராசரி 92. கருங்கல் நிறைந்த நாடு என்பதால் சற்றுக் கூடுதல். தமிழ்நாட்டில் கன்னியாகுமரிக்கு அருகே மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் தோரியம் கலந்த மோனசைட் மணல் கிடக்கிறது. அங்கே இதைவிட அதிகம்.

மணிக்கு 60 நானோகிரே வீதம் ஆண்டு முழுவதும் வெட்டவெளியிலேயே நின்றாலும் உடலுக்குச் சேரும் ஏற்பளவு சுமார் 0.37 மில்லிசீவர்ட். உலகில் ஒருவர் இயற்கையிலிருந்து எல்லா வழிகளிலும் பெறுவது ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட். மண்ணில் மிஞ்சியிருக்கும் அந்த ஓரிரு பெக்கரல் சீசியம் இந்தக் கணக்கில் கண்ணுக்கே தெரியாது. 70 கிலோ எடையுள்ள ஒருவரின் உடலில் இருக்கும் பொட்டாசியத்தில் மட்டும் வினாடிக்கு 4,000க்கும் மேற்பட்ட அணுக்கள் சிதைகின்றன. எனவே காலைத் தேநீரைக் கீழே வைக்க வேண்டாம்.

சீசியத்துக்கு வயதாகிறது

இந்த முறைக்கு ஒரு காலக்கெடு இருக்கிறது. இப்போது உங்களுக்குப் பதினாறு வயது என்றால், நாற்பத்தாறு வயதில் இதே சரிவில் மண் எடுத்தால் சீசியம் இன்றிருப்பதில் பாதிதான் இருக்கும். இன்று ஒரு நாளில் கிடைக்கும் 730 கதிர்களுக்கு அன்று இரண்டு நாள் காத்திருக்க வேண்டும். அரித்துச் செல்லப்பட்ட மண்ணோடு போனதும் திரும்பி வராது.

அதனால் ஆய்வாளர்கள் இப்போது ஈயம்-210 பக்கம் திரும்பியிருக்கிறார்கள். பாறையிலிருந்து கசியும் ரேடான் வாயு காற்றில் சிதைந்து அதை உருவாக்குகிறது. குண்டுச் சோதனை எதுவும் வேண்டாம். மழையோடு ஆண்டுதோறும் புதிதாக வந்துகொண்டே இருக்கும். சீசியத்தைப் போலவே மேல்மண்ணில் ஒட்டிக்கொள்ளும். அரை ஆயுள் சுமார் 22 ஆண்டு. ஆனால் அதன் காமா கதிரின் ஆற்றல் வெறும் 46.5 கிலோ எலெக்ட்ரான் வோல்ட். டப்பாவில் இருக்கும் மண்ணே அதில் பாதிக்கு மேல் விழுங்கிவிடும். கருவியின் உலோக மூடியும் தன் பங்குக்குத் தடுக்கும். ஆகவே மெல்லிய சாளரம் வைத்த தனி ஜெர்மானியம் படிகம் வேண்டும், மண் விழுங்கியது எவ்வளவு என்று ஒவ்வொரு டப்பாவுக்கும் தனியாகத் திருத்தம் போட வேண்டும். அதற்கும் அதே மைனஸ் 196 டிகிரி குளிர்தான்.